இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார்

எழுபதுகளின் தொடக்கத்தில், காரைக்குடியில் நாங்கள் இருந்த வீட்டுக்குள் ஆறேழு அடுப்பு எரியும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனிச் சமையல். வாசல் மட்டும் எல்லாருக்கும் ஒன்று. தனி என்று பேர்தான். நான் இங்கே மிளகாய் வறுத்தால் முற்றத்துக்கு அந்தப் பக்கம் தும்முவார்கள். என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை தனியாகப் பேச அந்த அரண்மனையில் இடம் கிடையாது. படுத்த பிறகு குசுகுசுவென்று பேசினாலும் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமுவார்கள்.

எனக்கோ பேசியே ஆகவேண்டியிருந்தது. வீட்டுக்காரரின் அண்ணனுக்குக் குழந்தை இல்லை. எங்களுக்கு இரண்டு பையன்கள். சின்னவனை அண்ணனுக்குப் பிள்ளை கூட்டிவிடலாம், அதாவது சுவீகாரம் கொடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம்தான். "பிள்ளை எங்க போயிரப் போறான்? முத்தத்துக்கு அங்குட்டு உக்காந்து சாப்பிடப் போறான், அம்புட்டுத்தானே" என்றார்கள். அங்குட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு என்னை அவன் சின்னாத்தா என்று கூப்பிடுவான். தை பிறந்தால் நாள் பார்த்துவிடுவார்கள். அதற்குள் இவரிடம் முடியாது என்று சொல்லியாக வேண்டும்.

பின்கட்டுக் கொட்டகையில் ஒரு கார் நின்றது. மாமனார் கொழும்பிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த பழைய பந்தயக் கார். தரையோடு தரையாக இருக்கும், மேலே துணிக்கூரை, உட்கார இரண்டே இடம். "இத ஓட வச்சிட்டா நீயும் நானும் மட்டும் பிள்ளையார்பட்டிக்குப் போயிட்டு வந்துருவம்" என்று இவர் ஒருநாள் சொன்னார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், சொல்வதை அந்தக் காரில் வைத்துத்தான் சொல்வது என்று.

காருக்கு இரண்டு வியாதி. புகைக்குழாய், சைலன்சரோடு சேர்த்து, துருவேறிச் சல்லடையாகிவிட்டது. இஞ்சினுக்கு ஆயில் போகிற செப்புக் குழாய்கள் பச்சை பூத்து மூட்டுக்கு மூட்டு ஒழுகின. மதுரையில் சாமான் கேட்டால், அந்தக் காரின் பேரைக் கேட்டுச் சிரிக்கிறார்களாம். எல்லாம் வீட்டிலேயே செய்ய வேண்டியதுதான். ஆபீஸிலிருந்து வந்ததும் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்துவிடுவார். கால் இரண்டும்தான் வெளியே தெரியும். அவ்வப்போது ஒரு கை மட்டும் நீண்டு ஸ்பேனர் கேட்கும்.

எடுத்துக் கொடுப்பது யார்? நான்தான். சமைத்து, பாத்திரம் விளக்கி, துணி மடித்து, இடுப்பு விட்டுப்போகிற நேரத்தில் இது வேறு. போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைப்போம். ஒன்று கழன்றால் ஒன்று முறியும். புதுச் செப்புக் குழாயை வெறுமனே வளைத்தால் நசுங்கிவிடும் என்று உள்ளே சலித்த மணலை இறுக அடைத்து வளைத்தார். வளைத்த பிறகு ஒரு பொட்டு மணல் தங்கக் கூடாதாம், தங்கினால் இஞ்சின் போயிற்றாம். அதைக் கழுவிக் கழுவி ஊற்றி என் விரலெல்லாம் வெளுத்துப் போனது.

ஒருவழியாக முடிந்தது என்று மூச்சு விட்டால், "இதையும் பாத்துருவம்" என்று இன்னொன்றைக் கழற்றுவார்.

"கார ரிப்பேர் பாக்குறீகளா, கழட்டி எடைக்குப் போடப் போறீகளா?" என்று கத்தியிருக்கிறேன். வெளியே தெரிகிற கால் மட்டும் லேசாக ஆடும்.

கோட்டையூர்ப் பட்டறை ஒன்றில் புகைக்குழாய் செய்து வாங்கினார். அது இஞ்சினோடு சேருகிற இடத்தில் புகை கசியாமல் வைக்கக் கல்நார் வளையம் கிடைக்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து வீட்டில் சுவர்ப் பூச்சு நடந்துகொண்டிருந்தது. அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைப்பார்களே, அந்தப் பூச்சு. "நம்ம சொவரு எத்தன மழை பாத்துருக்கு! இந்தக் குழாயத் தாங்காதாக்கும்?" என்று அதையே எடுத்து மூட்டைச் சுற்றி அப்பிவிட்டார். முட்டை உடைத்துக் கொடுத்த புண்ணியவதி நான். மஞ்சள் கருவை என்ன செய்வது? பொரித்துத் தின்று தீர்த்தோம். காய்ந்ததும் அந்த மூட்டு எங்கள் வீட்டுத் தூண் மாதிரி பளபளவென்று மின்னியது.

மார்கழிக் கடைசியில் கழற்ற இனி எதுவும் பாக்கியில்லை. காலையில் கிளம்பினோம். ஊர் தாண்டவில்லை, பூச்சு பொடிப்பொடியாகத் தெறித்து விழுந்தது. பின்னால் வெள்ளைப் புழுதி, காதுக்குள் வேட்டுச் சத்தம். நான் வாயைத் திறந்து சொல்லத்தான் செய்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இவர் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். குன்றக்குடி வருமுன்னே ஆயில் அழுத்தம் காட்டுகிற முள் சடாரென்று கீழே விழ, இஞ்சினை அணைத்துவிட்டார். நாங்கள் வளைத்த குழாயிலிருந்து ஆயில் ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் ஆள் யாருமில்லை.

"சின்னவனத் தர மாட்டேன்" என்றேன்.

இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். "அண்ணங்கிட்ட சரின்னு சொல்லிப்புட்டேனே."

"எப்ப?"

"ஆடியிலயே. தனியா கார்ல ஏறுனா நீ இதத்தான் சொல்லுவேன்னு தெரியும். அதான் கார முடிக்காம இழுத்துக்கிட்டே இருந்தேன்."

அடப் பாவி மனுசா! நான் கழுவின மணல், உடைத்த முட்டை எல்லாம் இதற்குத்தானா? கோபம் வரும் என்று காத்திருந்தேன், அதுகூட வரவில்லை. அப்படியே அந்த ரோட்டோரத்தில் படுத்துத் தூங்கிவிடலாம் போலிருந்தது.

காரை மாட்டு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர மத்தியானமாகிவிட்டது. இறங்கின கையோடு இவர் சாக்கை விரித்தார். "பைப்பு எங்க விட்டுச்சுன்னு பாக்கிறேன்" என்று உள்ளே போய், ஸ்பேனருக்குக் கையை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. நேரே முற்றத்துக்கு வந்து நடுவில் நின்றேன். எல்லா அடுப்பும் எரிந்துகொண்டிருந்த நேரம். "எம் பிள்ளைய யாருக்கும் கூட்டிவிட மாட்டேன். அவுக சொன்னது சொன்னதா இருக்கட்டும், பெத்தவ நான் சொல்லல" என்றேன். கரண்டிச் சத்தம் அத்தனையும் நின்றது.

எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணனின் மனைவி வெளியே வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அரிசி களைந்த கையை அவர் சேலையில் துடைத்துக்கொண்டு, "இத மொதல்லயே சொல்லப்படாதாத்தா?" என்றார், அவ்வளவுதான். உள்ளே போய் ஒரு துணிமூட்டையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "கொண்டுபோ. வேற யாருக்கு ஆகும்?"

பிள்ளை கூட்டுகிற பேச்சு அத்தோடு நின்றது. மூட்டைக்குள் சின்னவனுக்குத் தைத்த சட்டைகள் இருந்தன. அவனைக் கூப்பிட்டு ஒருநாளும் அவர் அளவெடுத்ததில்லை. சின்னவனுக்குப் போட்டுப் பார்த்தேன். கழுத்து, கை, நீளம், எல்லாம் அவனுக்குச் சரியாக இருந்தன.