கவிழ்த்து வைக்காத டின்

எங்கள் மட்டாஞ்சேரிச் சந்தில் சங்கரியை யாரும் ஓவியர் என்று சொல்வதில்லை. 'பலகை சுரண்டுகிற பாண்டிக்காரி' என்றுதான் பேர்; தமிழ் பேசினால் இங்கே இளக்காரமாகப் பாண்டிதான். சொல்கிறவர்கள் வாயில் மண் விழ. அவள் மாடியில் என்ன செய்கிறாள் என்று, கீழே தையல் கடை வைத்திருக்கும் இந்த ரம்லத்துக்கு, எனக்குத்தான் தெரியும்.

அவள் படத்தில் ஆள் இருக்காது, மரம் இருக்காது, படகு இருக்காது. வெறும் நிறம். பிளைவுட் பலகையைத் தரையில் கிடத்தி, வீட்டுக்கு அடிக்கிற எனாமல் பெயின்டையே மேலே மேலே பூசுவாள். காய்ந்ததும் பட்டித் தகட்டால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்ப்பாள். அடியில் கிடக்கும் மஞ்சளும் காவியும் அங்கங்கே எட்டிப் பார்க்கும். பஜார் ரோட்டுக் கிடங்குகளில் காயல் காற்று சுவரை உரித்துப் போட்டிருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் தொடங்கினாளாம். மூட்டை உரசிய இடம், மழை வழிந்த இடம் என்று ஒவ்வொரு சுவர் முன்னாலும் நின்றுவிடுவாள். மீன் வாங்கப் போனவள் வெறுங்கையோடு வருவாள். "என்னடி வாங்கினே?" என்றால், "ஒரு நீலம் பார்த்தேன் இத்தா" என்பாள். முஸ்லிம் வீட்டு அக்காவுக்கு இங்கே இத்தா என்றுதான் பேர். அந்த நீலத்தை வைத்துக் குழம்பு கூட்ட முடியுமா?

அவள் புருஷன் தங்கதுரை கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். தென்காசிப் பக்கத்திலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். இவள் பட்டி பூசிச் சுவரைச் சமன் செய்ய, அவன் அடிப்பான். தோப்பும்படியில் ஒரு பழைய வீட்டு ஜன்னல்களுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து, விழுந்த இடத்திலேயே போய்விட்டான். அவன் பையோடு, பாதி மிச்சமிருந்த பச்சை டின்னும் வீட்டுக்கு வந்தது.

டின் மூடியில் அவன் பெருவிரல் பதிந்திருந்தது. பெயின்ட்காரர்கள் நிறம் கலந்ததும் விரலால் தொட்டு மூடியில் ஒரு பொட்டு வைப்பார்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம் இல்லையா, அதைப் பார்க்க. தங்கதுரை வைத்த கடைசிப் பொட்டு அது. ரேகைகூடத் தெரியும்.

சங்கரி அந்த டின்னை மேற்கு ஜன்னலில் வைத்தாள். திறக்கவே இல்லை. மூடியிலிருந்த பொட்டைப் பார்த்துப் பார்த்து அதே பச்சையைத் தானே கலந்து, ஒவ்வொரு படத்திலும் ஓரிடத்தில் ஜன்னல் மாதிரி பூசுவாள். பிறகு, "அவரு பச்சை இது இல்ல இத்தா" என்று தானே சுரண்டியும் எடுப்பாள்.

பிற்பகல் வெயில் ஏறினால் தகரம் சூடாகி அந்த மூடி 'டப்' என்னும். உடனே மாடியிலிருந்து இவள் குரல் வரும்: "என்னங்க?"

முதல்முறை கேட்டபோது எனக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது. பயந்த பயத்தில் மேலே போய்த் திட்டினேன். "வெயிலுக்குத் தகரம் உப்புதுடி. உன் புருஷன் கூப்பிடல."

"தெரியும் இத்தா. தெரிஞ்சாலும், கூப்பிட்டா என்னன்னு கேக்காம இருக்க முடியுமா?"

இந்த மழைக்காலம் முடிந்ததும், யூதத் தெருப் பக்கம் படக்கூடம் நடத்தும் அனில் வந்து சுவர் அளவுக்கு ஒரு படம் கேட்டான். வரைந்தாள். நடுவில் மட்டும் ஓர் ஆள் உயரத்துக்குப் பலகை வெறுமையாகக் கிடந்தது. பச்சை வரவில்லை. கலப்பாள், பூசுவாள், சுரண்டுவாள். நான் கொடுத்தனுப்பிய கப்பைக்கிழங்கும் மீன்கறியும் அப்படியே திரும்பி வந்தன. கண் குழிக்குள் போய்விட்டது. "நடுவுல சும்மா விட்ரு சேச்சி, அதும் பங்கியா, அழகாத்தான் இருக்கு" என்றான் அனில். அவள் பார்த்த பார்வையில் சாயாவைக்கூட முடிக்காமல் எழுந்து போனான்.

இந்தப் பச்சை இவளையும் கொண்டுபோய்விடும் என்று எனக்குப் பட்டது. மறுநாள் காலை படியேறினேன்.

"அசல் டின் கையில இருக்கு. திறந்து பூசித் தொலை."

"பூசிட்டா தீந்துபோகும் இத்தா."

"தீரட்டும். இல்லைன்னா நீ தீந்துபோவ."

டின்னை ஜன்னலிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்து மூடியை நெம்பினாள்.

உள்ளே பெயின்ட் தடித்த தோலாக இறுகிக் கிடந்தது. அப்போதுதான் மூலையில் இருந்த மற்ற டின்களைக் கவனித்தேன். எல்லாம் தலைகீழாக நின்றன. மிச்சப் பெயின்டைக் கவிழ்த்து வைத்தால் மூடி வழியாகக் காற்றுப் புகாது, கெட்டுப்போகாது. தங்கதுரையின் பழக்கம் அது. இந்த ஒன்றை மட்டும் அவள் கவிழ்க்கவில்லை. கவிழ்த்தால் அந்த விரல் கண்ணுக்குத் தெரியாதே.

"கெட்டுப்போகும்னு தெரியும் இத்தா," என்றாள். "தெரிஞ்சேதான் வச்சிருந்தேன்."

தகட்டால் தோலை அறுத்தாள். அடியில் கொஞ்சம் ஈரம் இருந்தது. பெருவிரலால் தொட்டு, மூடியில் அவன் பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தாள். பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்போது அது காய்ந்திருந்தது.

இரண்டும் வேறு வேறு. புதியது நீலம் கூடிய, காயல் தண்ணீர் மாதிரியான பச்சை. அவனுடையது மஞ்சளேறி வெளுத்திருந்தது. இத்தனை வருஷ வெயில் அதைத் தின்றிருக்கிறது.

"அப்போ இவ்வளவு நாளா நான் தேடினது யாரு பச்சை, இத்தா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் அழுதேன். அவள் அழவில்லை. மிச்ச ஈரத்தை வழித்து, வெறும் பலகையில் பூசினாள். ஓர் ஆள் உயரத்துக்கு அது எங்கே காணும்? நெஞ்சளவுக்குத்தான் வந்தது. அதற்குமேல் அவள் எதையும் சேர்க்கவில்லை, சுரண்டவும் இல்லை. காலி டின்னை மூடி, அதே ஜன்னலில் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் பிற்பகல் 'டப்' என்றது. நான் மெஷினை நிறுத்திவிட்டு அவள் குரலுக்குக் காத்திருந்தேன். உப்புத்தாள் தேய்க்கும் சத்தம்தான் கேட்டது. வேறு பலகை தொடங்கிவிட்டாள் போல. மறுபடி 'டப்'. அவள் வாய் திறக்கவில்லை.

பாவம், கூப்பிடுகிறவனை என்னவென்று யாராவது கேட்க வேண்டாமா?

"என்னப்பா தங்கதுரை?" என்றேன், இருந்த இடத்திலிருந்தே.