ஒன்று உள்ளே, ஒன்று வெளியே

இது கட்டுக்கதை என்பவர்கள் யசோதாவையே கேட்டுப் பாருங்கள். அவள் வாயைத் திறக்க மாட்டாள். அதனால்தான் நான் சொல்லித் தொலைக்கிறேன்.

1993. பீன்யாவில் ஒரு தொழிற்சாலை. அதன் கம்ப்யூட்டர் அறையில் யசோதா ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். இன்னொரு ஆபரேட்டரான கிருஷ்ணப்பா மாரடைப்பில் செத்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது. அவருடைய ஷிப்டும் யசோதா தலையில்தான். உடம்பு அடித்துப் போட்டது போலிருந்தது. ஊரின் இன்னொரு மூலையில், அடுகோடியில் இருந்த வீட்டில் ஆறு வயது மகள் சுனிதா நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் கிடந்தாள். பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு நோராதான். அடுத்த வார உற்பத்தி அட்டவணை அச்சாகாமல் மேனேஜர் விடமாட்டான். பாழாய்ப்போன வேலை!

அந்த மெஷினுக்கு மெமரி குறைவு. ஒரு புரோகிராம் உள்ளே வர இடமில்லை என்றால், சும்மா கிடக்கும் இன்னொன்றை அப்படியே தூக்கி டிஸ்க்கில் போட்டுவிடும். முறை வந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளும். அப்போதெல்லாம் டிஸ்க் கடகடக்கும்.

மணி 3.05. ஓடியது அவளுடைய புரோகிராம் ஒன்று மட்டும்தான். ஆனாலும் டிஸ்க் கடகடத்தது.

கட... கட... கட...

யாருக்காக? ஓடுபவற்றின் பட்டியலைத் திரையில் வரவழைத்தாள். இரண்டு பெயர்கள்.

கிருஷ்ணப்பா: உள்ளே.

யசோதா: வெளியே, டிஸ்க்கில்.

"ஐயோ... நான் இங்கதானே இருக்கேன்?"

மணி 3.10. கீபோர்டில் கை வைத்தாள். விரல் அசையவில்லை...

இருட்டு.

கட...

மணி 3.50. பிரிண்டர் நின்றிருந்தது. அட்டவணை முழுதும் அச்சாகிக் கிடந்தது. முதல் தாளில், வேலையை ஓட்டியவர் பெயர்: கிருஷ்ணப்பா.

ஓடினாள். இரண்டு பஸ் மாறி வீடு சேர 5.40 ஆனது.

வாசலில் நோரா. "மறுபடி ஏன்டி ஓடி வர்றே? நீ வந்துட்டுப் போனதுமே காய்ச்சல் எறங்கிடுச்சு."

"நானா? எப்போ?"

"மூணு பத்து இருக்கும். புள்ள நெத்தியில கைய வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தியே. ஒரு வார்த்த பேசல. உன் கை பட்டுச்சு... ஐஸ் மாதிரி. நாலு மணிக்கு காபி எடுத்துட்டு வந்தா, ஆளக் காணோம்."

சுனிதாவுக்கு இப்போது பதினாறு வயது. அம்மா வெளியிலிருந்து வந்தால் இன்றைக்கும் முதலில் கையைத் தொட்டுப் பார்ப்பாள். சூடாக இருந்தால்தான் உள்ளே விடுவாள்.