பாங்குச் சத்தம் வரைக்கும்

ரமலான் மாதத்தில் நான் வேலை பார்க்கும் பேகம்பூர் ஜிம்முக்கு மாலையில் வருகிறவர்கள் குறைவு. ஒரு கல்லூரி மாணவர் மட்டும் நோன்போடு வந்து டம்பெல் தூக்குவார். ஒல்லியான உடம்பு. பையில் தொப்பி, பக்கத்து பெஞ்சில் ஒரு பேரீச்சம்பழம். கண்ணை மூடிக்கொண்டுதான் தூக்குவார்.

தண்ணீர்கூடக் குடிக்காமல் எப்படி முடிகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

“அது முடியுதுண்ணே. பள்ளிவாசல்ல நோன்பு திறக்கிற பாங்கு சொன்னதும்தான் கை தொங்கிருது. பழத்தக்கூட இன்னும் தொட்டிருக்க மாட்டேன். அதுக்குள்ள உடம்புல அப்படி என்ன மாறுது?”

அதைச் சோதித்துப் பார்க்க அவரே ஒரு வழி சொன்னார்.

“நாளைக்குக் காதுல பஞ்சு வச்சுக்கிறேன். பாங்கு சொன்னா, செத்த நேரம் கழிச்சு என் தோளைத் தொடுங்க.”

மறுநாள் பாங்கு ஒலித்தது. அவர் கை சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பசித்திருப்பவரை எவ்வளவு நேரம்தான் ஏமாற்றுவது? தோளைத் தொட்டேன். கை பாதியில் நின்றது. டம்பெல் தரைக்கு வந்துவிட்டது.

“பாத்தீங்களாண்ணே” என்றவர், பழத்தைப் பிய்த்து எனக்கும் பாதி நீட்டினார்.

வேலை முடிந்து வரும்போது, தெருமுனை வரை நன்றாக நடக்கிற என் கால்கள் வீட்டு வாசலைக் கண்டதும் கெஞ்சுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்க்கலாமா என்று சில நாள் தோன்றுகிறது.