கூல்பாருக்குப் பின்னால் இருந்த அறை

எங்கள் ஊரில் பார் என்றால் கூல்பார்தான், பலூடாவும் ஐஸ்கிறீமும் விற்கும் கடை. கல்முனைக்குடியில் வாய்க்கால் ஓரமாக இருந்த ஒரு கூல்பாரின் பின்னால், குடும்பமாக வருகிறவர்களுக்கென்று பச்சைத் திரை போட்ட சின்ன அறை ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு அது எங்களுடையது. ஆண்களை விரும்பும் ஆண்கள், நாங்கள் நாலைந்து பேர். கடை முதலாளியும் எங்களில் ஒருவர்தான். என் நெருங்கிய கூட்டாளி ஒருவன் தன்னை விட்டுப் போனவனை நினைத்து அங்கேதான் அழுவான். காரைதீவுத் தையல்காரர் ஊர்ப் பெரியவர்களைப் போல நடந்து காட்டிச் சிரிக்க வைப்பார். வெளியில் நான் அடக்கி வைத்திருந்த கைகள் அங்கே தாமாக ஆடிக் கதைக்கும்.

பிறகு நான் கட்டாருக்கு வேலைக்குப் போனேன். பல வருடங்கள் கழித்துப் போன மாதம் திரும்பி வந்து பார்த்தால், அங்கே போன் கடை. பின் கதவு இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர்.

"இதுக்குப் பின்னால ஒரு ரூம் இருந்ததே?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"இல்ல காக்கா. பின்னால வாய்க்கால்தான். நான் வாங்கக்குள்ளயும் இப்பிடித்தான்."

சுற்றிப் போய்ப் பார்த்தேன். சுவரைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் கிடந்தது. ஓர் ஆள் நிற்கக்கூட இடமில்லை. நாங்கள் இருந்து சிரித்த இடத்தில் சல்வீனியாக் களை மிதந்தது.

என் கூட்டாளி இப்போது பிள்ளைகுட்டிக்காரன். மாவடிப்பள்ளியில் வயல் வரம்பில் நின்றவன், கண்டதும் ஓடி வந்து கட்டிப் பிடித்தான். சுற்றிலும் யாருமில்லை. அறையைப் பற்றிக் கேட்டேன்.

"எந்த ரூம்?"

"கூல்பார்ல, மச்சான். திரை போட்டிருந்த ரூம்."

"அப்பிடி ஒண்டும் இருக்கல்லயே. நீ வேற எங்கயோ நெனைச்சிக் கதைக்காய்."

அவன் முகத்தில் பயமில்லை, பொய்யுமில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. திரும்பும் வழியில், அந்தத் திரை பச்சையா நீலமா என்று எனக்கே தெரியாமல் போனது.

அடுத்த நாள் காரைதீவுக்குப் போனேன். அறையைப் பற்றிக் கேட்டதும் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வாசலை எட்டிப் பார்த்தார்.

"ரூம் இருந்தது. நாங்கதான் இடிச்சம்."

யாரோ ஒருவன் எங்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்று முதலாளியை மிரட்டியிருக்கிறான். முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, ஒரே பின்னேரத்தில் கல்லைக் கழற்றி வாய்க்காலுக்குள் போட வைத்திருக்கிறார். அடுத்த மாரி வெள்ளம் மண்ணையும் அரித்துக்கொண்டு போய்விட்டது.

"அப்பிடி ஒரு இடம் இருக்கவேயில்ல எண்டு சொல்லுறதாச் சத்தியம் பண்ணினம். உங்கட கூட்டாளி அதச் சொல்லிச் சொல்லி நம்பிற்றான் போல."

"முதலாளி?"

"மௌத்தாப் போனார். மையத்து அடக்கத்துக்குப் போனன். உங்கட கூட்டாளி எனக்குப் பக்கத்திலதான் நிண்டவன். என்னைத் தெரியாத ஆளப்போல பாத்தான்."

அப்போது ஒரு பெண் துணியோடு உள்ளே வந்தாள். தையல்காரரின் குரல் சட்டென்று மாறியது. முன்பின் அறியாதவனிடம் பேசுவதுபோல, "உங்கட காற்சட்டை நாளைக்குப் பின்னேரம்தான் தம்பி கிடைக்கும்" என்றார்.

நான் எதுவும் தைக்கக் கொடுத்திருக்கவில்லை. ஆனாலும் அடுத்த நாள் பின்னேரம் போனேன். கடையின் உள்பக்கமாக எனக்கொரு கதிரை போட்டு வைத்திருந்தார்.