பச்சை அடித்த தோணி

கடலைப் படமாகக் கீற ஆசைப்படுகிறவன் கல்முனைக்குடியில் பிறந்திருக்கக் கூடாது என்று எனக்குப் பல தடவை எரிச்சல் வந்திருக்கிறது. காலையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பி நேரே கண்ணில் குத்தும். ஒரு நிறமும் பிடிபடாது. பின்னேரம் வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து அழகாக விழும். ஆனால் அதற்குள் காற்றுக் கிளம்பிவிடும். தாளில் தீட்டிய ஈர வானத்தில் மணல் ஒட்டும். காய்ந்த பிறகு தட்டினால் மணலோடு வானமும் உதிரும். ஒருமுறை கொண்டுபோன தண்ணீர் கொட்டிவிட, கடல் தண்ணீரில் தூரிகையை நனைத்தேன். மறுநாள் தாள் முழுவதும் உப்புப் பூத்திருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. சித்திர ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகப் பரீட்சைக்கு வரும்போது, வெளியிடத்தில் நின்று நேரே பார்த்துக் கீறிய இயற்கைக் காட்சி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு அதை விட்டால் வேறு வழி தெரியவில்லை. வாப்பா என்னைத் தன் அரிசிக் கடையில் உட்கார வைக்கக் காத்துக்கொண்டிருந்தார்.

நான் தேர்ந்தெடுத்தது ஒரு பழைய தோணியை. நீலம் வெளிறி, அதற்கடியில் எப்போதோ அடித்த சிவப்பு எட்டிப் பார்த்து, உப்பும் வெயிலும் தின்ற மரம் சாம்பலாகி, அந்த உடம்பில்தான் எத்தனை நிறம்! ஆனால் அது ஓரிடத்தில் நின்றால்தானே? கடலுக்குப் போய்வந்தால் அலை விட்ட இடத்தில் இழுத்துப் போடுவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. ஆகவே ஜும்ஆத் தொழுகை முடிந்து, சோறு தொண்டையில் இறங்குமுன் பலகையும் தாளுமாக ஓடுவேன். ஒரு வெள்ளி மழை. இன்னொரு வெள்ளி யாரோ என் தோணிமேல் வலையை விரித்துக் காயப் போட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து, "ஆள்கீள் ஒண்டும் கீறல்லியே? உருவம் கீறுறது மார்க்கத்தில கூடாது" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். ஆள் கீற எனக்கு நேரம் எங்கே இருந்தது?

இப்படியாக வானம், கடல், மணல் எல்லாம் ஒருவாறு முடிந்தன. தோணி மட்டும் பென்சில் கோடாக நின்றது. நேர்முகத்துக்கு முன் ஒரேயொரு வெள்ளிதான் மிச்சம். தோணிக்காரரிடம் போய், அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டுக் கெஞ்சினேன்.

"காக்கா, வார வெள்ளி மட்டும் தோணிய இதே எடத்தில வெச்சிருங்க. இதக் கீறித்தான் எனக்கு வேல கெடைக்கணும்."

"என்ட தோணியையா?" அவருக்கு நம்ப முடியவில்லை. "பெரிய ஆக்களெல்லாம் பாப்பாங்களா? நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க தம்பி. நான் பாத்துக்கிறன்."

பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை போனபோது தோணி சொன்ன இடத்திலேயே நின்றது. பள்ளிவாசல் ஜன்னல்களுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயின்ட், முன்னிருந்து பின்வரை. விளிம்பில் மஞ்சள் கோடு வேறு. காக்கா பக்கத்தில் நின்றார். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியும் அவருடைய நகக்கண்ணில் பச்சை போகவில்லை.

"படம் புடிக்கப் போறண்டா நல்ல சட்டை போட்டுத்தானே போவம்? எப்பிடி?"

எனக்கு அழுகை வந்தது. கத்த வேண்டும் போலவும் இருந்தது. "வடிவா இரிக்கி காக்கா" என்றுதான் வாய் சொன்னது.

பழைய நிறங்களை நினைவிலிருந்து போட்டுவிடலாம் என்று சாம்பலைக் குழைத்தேன். காக்கா அருகில் குந்திவிட்டார். "தம்பி, அது பழைய நெறம். இஞ்ச பாருங்க, பச்ச." அஸர் தொழுகை நேரம் வரை மனுசன் அசையவில்லை. என்ன செய்வது? பச்சையாகவே கீறினேன். வீம்புக்கு, இருந்தது இருந்தபடியே கீறினேன். பெயின்ட் வழிந்து காய்ந்த துளிகளைக்கூட விடவில்லை. அதற்கு முன் எதையும் நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

நேர்முகத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் படத்தைத் தூக்கிப் பிடித்தார். "வானமும் கடலும் பார்த்து வரைந்தது. தோணி வீட்டிலிருந்து கற்பனையாகப் போட்டது. இப்படியொரு தோணி எந்தக் கரையில் நிற்கிறது?" நான் விளக்கத் தொடங்கும்போதே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்தபின் கடற்கரைப் பக்கமே போகவில்லை. அரிசிக் கடையில் இருந்தேன். காக்காதான் தேடிக்கொண்டு வந்தார்.

"என்ன தம்பி, கெடைச்சா?"

"இல்ல காக்கா. தோணிதான் சரியில்லையாம்."

அவருக்கும் கொஞ்சம் சுடட்டும் என்றுதான் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. அரிசி மூட்டையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"நானும் நெனச்சன் தம்பி. ஒரு பூச்சுத்தான் அடிச்சன், அதுக்கு மேல பெயின்ட் இல்ல. அடுத்த வருஷம் சொல்லுங்க, ரெண்டு பூச்சு அடிச்சித் தாறன்."