பெனடிக்ற் ஊதாத குழாய்

லண்டனுக்கு வந்து ஆறு வருடமாகியும் பெனடிக்ற்றின் கையில் நிலையாக இருந்தது சாரதி அனுமதிப்பத்திரம் ஒன்றுதான். அதை வைத்து வட லண்டன் எட்மண்டனில் ஒரு பேக்கரிக்கு வான் ஓட்டினான்.

1992 வைகாசியில் ஒரு ஞாயிறு மத்தியானம். நண்பனின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். சாப்பாட்டோடு இரண்டு பியர் குடித்துவிட்டு, மனைவி றோஸ்மலருடன் காரில் திரும்பும்போது பொலிஸ் மறித்தது. பிரேக் விளக்கு எரியவில்லையாம். வீதியில் நின்றபடியே மது அளக்கும் சிறு கருவியில் ஊதினான், சிவப்பு விழுந்தது. அவனை நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே ஜன்னல் இல்லாத ஓர் அறை. மேசையில் பெரிய இயந்திரம். ஒரு பொலிஸ்காரர் அதன் குழாயை அவன் வாய்க்கு நேரே நீட்டினார். மற்றவர் பின்னால் வந்து தோளில் கை வைத்தார். அந்தக் கணத்தில் பெனடிக்ற்றுக்கு எங்கிருந்தோ பெற்றோல் மணம் வந்தது. மூன்று தரம் குழாயை வாயில் வைத்தான்; மூன்று தரமும் மூச்சு வெளியே வரவில்லை.

பொலிஸ்காரர் ஒரு தாளைப் பார்த்து ஆங்கிலத்தில் வேகமாக வாசித்தார். பெனடிக்ற் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். காட்டிய இடமெல்லாம் கையெழுத்து வைத்தான். கையெழுத்து வைத்தால் கெதியில் விடுவார்கள் என்பது மன்னாரில் இராணுவ முகாமில் அடைபட்டிருந்தபோது அவன் படித்த பாடம்.

ஊத மறுத்ததாக வழக்கு. லைசென்ஸ் போகும், வேலை போகும். இந்த நாட்டில் இருக்கக் கொடுத்த அனுமதியையே பறித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை.

சட்டத்தரணி பரமேஸ்வரன் கடதாசிகளை வாசித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"லோயரைக் கேக்கிற உரிமை உங்களுக்கு இருந்தது, இலவசமா. வேண்டாமெண்டு கையெழுத்து வைச்சிருக்கிறீங்கள். மொழிபெயர்க்க ஆள் கேட்டிருக்கலாம். ஊத ஏலாட்டி ஏன் எண்டு சொல்லியிருந்தால் டொக்டரைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்திருப்பினம். ஏன் ஊதேல்லை?"

பெனடிக்ற் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"முகாமில பெற்றோல் ஊத்தின சொப்பிங் பாக்கை என்ர தலையில போட்டு இறுக்கிக் கட்டினவங்கள், ஐயா. ஒருத்தன் பின்னால நிண்டு தோளை அமத்திக்கொண்டு இருந்தவன்."

பரமேஸ்வரன் பேனாவை வைத்துவிட்டார்.

"இதை டொக்டரிட்டையும் சொல்லவேணும், கோட்டிலயும் சொல்லவேணும். வேற வழி இல்லை."

"என்ர மனிசிக்கே தெரியாது."

வழக்கு நாளில் றோஸ்மலரை வெளியே இருக்கச் சொன்னான். அவள் அசையவில்லை.

"அஞ்சு வருசமா நித்திரையில நீங்கள் கத்துறதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறன். ஏனெண்டு ஒருநாளும் கேக்கேல்லை. இண்டைக்கு மட்டும் என்னை வெளியில நிப்பாட்டாதேங்கோ."

சாட்சிக்கூண்டில் அவன் தமிழில் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் பெண்ணின் குரல் கம்மியது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, இதை அன்றே பொலிஸாரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொல்லுறதெண்டால் வாயைத் திறக்க வேணும், சேர். திறந்தா பெற்றோல் உள்ள போகும்."

நீதவான்கள் மூவரும் உள்ளே போய் இருபது நிமிடத்தில் திரும்பினார்கள். டொக்டரின் அறிக்கையை ஏற்பதாகவும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றும் சொன்னார்கள். பெனடிக்ற்றுக்கு அது விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. லைசென்ஸ் தப்பியது; ஆனால் பேக்கரி ஏற்கெனவே வேறு ஆளை எடுத்துவிட்டது.

"இனியும் மறிச்சா?" என்று நீதிமன்றப் படிக்கட்டில் கேட்டான்.

"மறிப்பாங்கள். ஏலாதெண்டால் ஏன் எண்டதை அந்த இடத்திலேயே சொல்லுங்கோ. சும்மா நிக்காதேங்கோ," என்ற பரமேஸ்வரன், ஒரு துண்டில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸின் மேல்தட்டில் றோஸ்மலர் வாசித்துக் காட்ட, பெனடிக்ற் திருப்பிச் சொன்னான். என்னால் இதில் ஊத முடியாது. என் இரத்தத்தை எடுங்கள். மூன்றாம் தரம் குரல் உடைந்துபோனது. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாக்கட்டும். இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றாள் றோஸ்மலர்.