சுற்றிக்கொண்டே இருந்த பாடம்

ஒரே போன், ஒரே வைஃபை. இலவசக் கணக்குப் பாடம் பாதியில் நின்று வட்டம் சுற்றியது. அதை மூடிவிட்டு, நெட் இணைப்பு கொடுத்த கேபிள்காரரே நடத்தும் கட்டண டியூஷன் ஆப்பைத் திறந்தேன். சும்மா பாய்ந்தது! அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

ஊரப்பாக்கத்தில் எங்கள் மாடி வீட்டு அக்கா ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறாள். பகலெல்லாம் தனியார் பள்ளி வேலை, சாயங்காலம்தான் படிப்பு. போன தடவை அவளைக் கவிழ்த்தது கணக்கு. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் காசு வாங்காமல் தன் தளத்தில் போடும் பாடங்கள்தான் அவளுக்குப் புரிகின்றன. அவைதான் ஓடமாட்டேன் என்கின்றன. எல்லாரும் அவள் வீட்டு ரவுட்டரைச் சந்தேகித்தோம். அது ஜன்னல், பீரோ, ஃபிரிட்ஜ் என்று ஊர்வலம் போய், மாதா படத்துக்குப் பக்கத்தில் குடியேறியிருந்தது.

"மாதாவாலயே முடியலடி" என்றாள் அக்கா.

என் மொபைல் டேட்டாவில் போட்டேன். அதே பாடம் தடங்கலில்லாமல் ஓடியது. உடனே கேபிள் அண்ணாவைக் கூப்பிட்டேன். மழுப்புவார் என்று பார்த்தால், பெருமையாகச் சொல்கிறார்:

"ஆமாம்மா, வெளி டியூஷன் சைட்டுக்கெல்லாம் ஸ்பீடு கம்மி பண்ணிகீறோம். நம்ம ஆப்பு எடுத்துக்கோ, ஜம்முனு ஓடும். அக்காவுக்குன்னா டிஸ்கவுன்ட் கூட உண்டு."

"அப்படிப் பண்ணக் கூடாதுண்ணா, விதி இருக்கு."

"லைன் நம்மள்துமா!"

"லைன் உங்களுது. யார்கிட்ட படிக்கிறதுன்னு அக்காதானே முடிவு பண்ணணும்?"

சிரித்துவிட்டு வைத்துவிட்டார். எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி ஓடவிட வேண்டும் என்கிற இணையச் சமநிலை பற்றிக் கல்லூரி மேடையில் பேசி நான் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் எங்கேயோ பெரிய கம்பெனிகள் போடும் சண்டை என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே ரெண்டு தெரு தள்ளி உட்கார்ந்துகொண்டு ஒருவர் அக்காவின் வாத்தியாரை மாற்றப் பார்க்கிறார்!

அக்கா சிரிக்கவில்லை. "விட்டு விட்டுப் பார்த்ததுல ஒண்ணுமே ஏறல. எனக்குத்தான் மண்டை இல்லன்னு நெனச்சேன்டி" என்றாள்.

தேர்வு நெருங்குகிறது. தொலைத்தொடர்புத் துறைக்குப் புகார் அனுப்பினாலும், பதில் வரும்வரை அவள் காத்திருக்க முடியாது. நாளைக்குத் தாம்பரத்தில் கல்லூரி நூலக வைஃபையில் அவளுடைய பாடங்களை எல்லாம் இறக்கிக்கொள்ளப் போகிறேன். சாயங்காலம் இதே இணைப்புள்ள வீடுகளில் ஏறி இறங்கி, அந்தப் பாடத்தையும் ஆப்பையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, படம்பிடித்துப் புகாரோடு அனுப்பப் போகிறேன். கீழ்வீட்டு பாய், "மொதல்ல நம்ம வூட்டுக்கு வாம்மா" என்று சொல்லியிருக்கிறார்.